வெண்ணந்தூருக்குக் கடல் கொண்டு வந்த கதை

தெரியாத விஷயத்தைப் பேசி மாட்டிக்கொள்கிறவனை ஊர் மன்னித்துவிடும். "பாவம், அவனுக்கென்ன தெரியும்" என்று இரண்டு நாள் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கும். தெரிந்த விஷயத்தைப் பேசி மாட்டிக்கொள்கிறானே, அவனுக்குத்தான் விமோசனமே கிடையாது. நான் அந்த ரகம். எனக்குத் தெரிந்த விஷயம் மீன். பலருக்கு மீனைத் தின்னத் தெரியும், சிலருக்குப் பிடிக்கத் தெரியும். எனக்கு மீனின் செவுளை வெட்டிப் பார்த்துப் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும். இதற்காக என் தகப்பனார் சென்னையில் என்னை வருஷக்கணக்கில் விடுதியில் வைத்துப் படிக்க வைத்தார்.

பி.ஏ.யில் பிராணி சாஸ்திரம் எடுத்துத் தேறி ஊர் திரும்பினேன். (தேறினேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது.) மேட்டூர் அணையில் முதன்முதலாகத் தண்ணீர் தேங்கி, சேலம் ஜில்லா முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்த காலம். வேலை கிடைப்பதற்கு முன்பே எனக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. கல்யாணம் நடந்த பிறகும் வேலை கிடைக்கவில்லை. ஆகவே வெண்ணந்தூரில் மாமனார் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கினேன்.

மாமனாருக்கு நிலமும் உண்டு, பருத்தி வியாபாரமும் உண்டு. தங்கமான மனிதர். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் பெரிய கஷ்டம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை அறிமுகம் செய்து வைப்பார்.

"நம்ம மாப்பிள்ளைங்க. மெட்ராசுல படிச்சவருங்க."

"என்ன படிச்சிருக்காருங்க?"

"மீனு, தவளை, பாம்பு... இந்த மாதிரிங்க."

"அதையெல்லாம் நம்மூருப் பசங்க படிக்காமயே புடிக்கறாங்களேங்க!"

மாமனார் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். அந்தத் துண்டு முகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்று இருக்கும். சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்கக் கூசும். கேட்காமலே என் மனைவி நல்லம்மாள் அள்ளிப் போட்டுவிடுவாள். அது வேறு வகைக் கூச்சம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்தில் புதிதாக ஒரு ஹைஸ்கூல் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. அதன் கமிட்டித் தலைவர் சேலத்து வக்கீல். சயன்ஸ் என்றால் அவருக்கு உயிர். எங்கள் ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் பேசும்போது, "நம் ஜில்லாப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பூகோளப் படத்தில் பூசிய நீல வர்ணம்தான். கடலில் இருக்கும் ஒரு ஜீவனையாவது அவர்கள் உயிரோடு பார்த்ததுண்டா?" என்று வருத்தப்பட்டார்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"நான் காட்டுகிறேன்! கடல் மீனைக் கடல் தண்ணீரிலேயே வைத்து இந்த வெண்ணந்தூரில் வளர்த்துக் காட்டுகிறேன்!"

கூட்டம் கை தட்டியது. கை தட்டல் கேட்டதும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. "சின்ன மீன் அல்ல, பெரிய மீன்!" என்றும் சேர்த்துவிட்டேன்.

தலைவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஆவணியில வர்றேன். காட்டுங்க. காட்டிட்டா சயன்ஸ் மாஸ்டர் நீங்கதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸும் கட்டறோம்" என்றார்.

குவார்ட்டர்ஸ்! சம்பளம் கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் பெயர் எழுதிய பலகை மாட்டிய ஒரு வீடு, அதில் நானும் நல்லம்மாளும், விருந்தாளியாக மாமனார் வந்து உட்கார, நான் அவருக்கு இரண்டாம் முறை சோறு போடச் சொல்வது. இந்தக் காட்சியை நினைத்து நினைத்துத்தான் அதற்குப் பிறகு நடந்த பைத்தியக்காரத்தனங்களையெல்லாம் செய்தேன்.

மாமனாரின் பருத்திக் கொட்டகையில் ஒரு வண்டி அகலத்துக்கு, இடுப்பு உயரத்துக்குச் சிமிட்டித் தொட்டி கட்டினோம். முன்பக்கச் சுவருக்கு மட்டும் கனமான கண்ணாடி. சேலத்தில் மூடிப்போன ஒரு ஜவுளிக் கடையின் முகப்புக் கண்ணாடி அது. அதில் பொன் எழுத்தில் 'ஒரே விலை' என்று எழுதியிருந்தது. எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. சரி, கடலுக்கு அது ஒரு குறையா என்று விட்டுவிட்டேன். மூச்சுக் காற்றுக்கு ஒரு கொல்லுப்பட்டறைத் துருத்தியை வாங்கி, அதிலிருந்து குழாய் ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கினேன். (துருத்தி மிதிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கடலுக்குக் காற்று அடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஊரே முறை போட்டது.)

மீனுக்குக் கடலூர் போனேன். அங்கே என்னோடு படித்த நண்பன் இருந்தான். அவன் ஏற்பாட்டில் வலைக்காரர்கள் ஒரு கொடுவா மீனைக் காயம் படாமல் பிடித்துக் கொடுத்தார்கள். வாலை ஊன்றி நிறுத்தினால் என் இடுப்புக்கு வரும். வெள்ளி உடம்பு, பாசி நிற முதுகு, வெளிச்சம் பட்டால் தணல் மாதிரி மினுங்கும் கண். பரீட்சை அறையில் சுற்றி வருகிற புரொபசர் போல வாய்க்கோட்டைக் கீழே இழுத்துக்கொண்டு அது என்னைப் பார்த்தது. எனக்கு அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது.

மீன் ஒரு பெரிய பீப்பாயில், கடல் தண்ணீர் மற்றப் பீப்பாய்களில். ரயிலில் ஏற்றப் போனபோது பார்சல் குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "உயிரோட இருக்கிற ஆட்டுக்கு ரேட் இருக்கு, மாட்டுக்கு இருக்கு, கோழிக்கு இருக்கு. உயிரோட இருக்கிற மீனுக்கு இல்லையே, சார்" என்றார். பிறகு பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எப்படியும் சேலம் போறதுக்குள்ள கருவாடாத்தானே இருக்கும்? அந்த ரேட்டே போட்டுடறேன்" என்று போட்டார்.

மீன் கருவாடாகவில்லை. வழி முழுக்க நான் பீப்பாய்க்குள் கையை விட்டுத் துழாவித் தண்ணீருக்குக் காற்றுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி இருக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆத்தூர் தாண்டுமுன் என் கையே அதை நன்றாகப் படித்துவிட்டது. சேலத்திலிருந்து லாரி. கையில் கட்டோடு வெண்ணந்தூரில் இறங்கியபோது, யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய் என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

இங்கே எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமனார் வீட்டுக் கிணறு உப்புக் கிணறு. குளிக்க, மாடு கழுவ ஆகும். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமானால் ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணற்றிலிருந்து பெண்கள் குடத்தில் சுமந்து வர வேண்டும். அப்படிச் சுமந்து வந்த தண்ணீரில் ஒரு சொம்பை வந்தவர் கையில் கொடுப்பதுதான் அந்தப் பக்கத்து முதல் மரியாதை. 'வாங்க' என்று சொல்ல மறந்தாலும் மறப்பார்கள், சொம்பை மறக்க மாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவசரத்தில் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அதனாலேயே நின்று போன கல்யாணம் ஒன்றைப் பற்றி மாமனார் இரண்டு தலைமுறை கழித்தும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

மீனைத் தொட்டியில் விட்டோம். நல்லம்மாள் சொம்போடு வந்தாள். லாரி டிரைவருக்குக் கொடுத்தாள், எனக்குக் கொடுத்தாள். பிறகு தொட்டியைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரம்பரைக்கு?" என்றாள். (ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி.)

"அது மீன், நல்லம்மா."

"மீனா இருந்தா என்னுங்க? அத்தனை தொலைவு இருந்து நம்மூட்டுக்கு வந்திருக்குதில்லீங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். கடல் மீனின் ரத்தம், அதன் தோல், உப்பு, அதன் அழுத்தம் எல்லாவற்றையும் விளக்கினேன். "நல்ல தண்ணி அதுக்கு விஷம். நல்ல தண்ணியில போட்டா ஒரு நாழிகையில செத்து மிதக்கும். தொட்டிப் பக்கம் குடத்தோட யாரும் வரக் கூடாது" என்றேன்.

"உப்புத் தண்ணியிலயே வெச்சிருந்தா நாலு பேரு நம்மள என்னுங்க நெனப்பாங்க?"

"ஒருத்தரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"செரிங்க" என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அவளுடைய 'செரிங்க' என்பதில் சம்மதம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

கொடுவா எங்கள் ஊரோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. ஏரியில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளைப் போட்டால் 'ஒரே விலை'க்குப் பின்னாலிருந்து மெதுவாக வரும். வாயைத் திறப்பது தெரியாது, கெண்டை இருக்காது. ராசிபுரம், ஜலகண்டாபுரம் பக்கமெல்லாம் பேச்சுப் பரவி வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். நான் கையில் ஒரு பிரம்போடு தொட்டிக்கு முன்னால் நின்று காலையும் மாலையும் பிரசங்கம் செய்தேன்.

ஆடி அமாவாசை நெருங்கியதும் கூட்டத்தின் போக்கு மாறிற்று. முன்வரிசையில் வந்து மீனைப் பார்ப்பதற்குப் பதில் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த நெசவுக்காரர் ஒருவர் என் அருகில் வந்தார்.

"சாமி, ராமேசுரம் போயிக் கடல்ல முழுகறதுக்கு நமக்கெங்கீங்க முடியுது? ஒரு சொம்பு கடல் தண்ணி குடுத்தீங்கன்னா ஊட்டுல எல்லாரும் தலையில தெளிச்சுக்குவோமுங்க."

நான் பிரம்பைத் தூக்கிவிட்டேன். இது ஆராய்ச்சிக்கான தண்ணீர், ஒரு சொட்டு குறைந்தாலும் மீனுக்கு ஆபத்து, கல்வி அறிவு, பகுத்தறிவு என்று அரை நாழிகை பேசினேன். அவரும் கூட வந்தவர்களும் ஒரு மறுப்பும் சொல்லாமல் கேட்டார்கள். கேட்டுவிட்டு அமைதியாக வீட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போனார்கள். என் பேச்சு அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்தேன். ஆடிக் காற்று கொட்டகை ஓட்டைத் தூக்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஊரில் குட்டையெல்லாம் வறண்டுவிட்டது. ஆனால் என் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஒரு விரல் கூடக் குறையவில்லை! நான் போட்ட கோட்டில் அப்படியே நின்றது. வேறொருவன் என்றால் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருப்பான். நான் சாஸ்திரம் படித்தவன். 'கடல் நீர் தன் சொந்தக் கரையை விட்டு உள்நாட்டுக்கு வந்தால் ஆவியாவதை நிறுத்திக்கொள்கிறது' என்ற முடிவுக்கு வந்து, அதை ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுத ஆரம்பித்தேன். லண்டனுக்கு அனுப்புவதாக உத்தேசம்.

மாமனாருக்கு வேறு கவலை. முதல் சில நாட்களில் தண்ணீர் தெறித்த இடத்தில், தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சர்க்கார் அனுமதியில்லாமல் உள்ளூரில் உப்பெடுத்தால் கேஸ் என்பது எல்லாருக்கும் தெரியும். 'வெண்ணந்தூரில் கடலையே கொண்டு வந்து உப்புக் காய்ச்சுகிறார்கள்' என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை, உப்பு இலாகாக்காரங்க ராசிபுரத்துல நம்ம ஊட்டைப் பத்தி விசாரிச்சாங்களாமுங்க" என்றார்.

"பயப்படாதீங்க மாமா. கடல் தண்ணி ஆவியானாத்தானே உப்பு? ஆவியே ஆகறதில்லை. நான் கட்டுரை எழுதறேன்" என்றேன். துண்டு முகத்துக்குப் போயிற்று.

ஆவணியில் கமிட்டித் தலைவர் காரில் வந்து இறங்கினார். கொட்டகை நிறைய ஜனம். நான் வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, பிரம்பு சகிதம் நின்றேன். கொடுவாவும் அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடிக்கு அருகே வந்து பக்கவாட்டில் திரும்பி முழு உடம்பையும் காட்டியது. தலைவர் குழந்தை மாதிரி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். "அடேயப்பா! என்ன கம்பீரம்!" என்றார். என் காதில் குவார்ட்டர்ஸின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

நான் பேச ஆரம்பித்தேன். கடலின் உப்பு, மீனின் ரத்தம், எல்லாம். "இந்த மீனை இப்போது எடுத்து நல்ல தண்ணீரில் விட்டால், ஒரே நாழிகையில் நம் கண் முன்னால் செத்து மிதக்கும்!" என்று சொல்லிப் பிரம்பால் தொட்டியைத் தட்டினேன். கூட்டம் 'உச்சு' கொட்டியது.

அந்த நேரம் பார்த்து உப்பு இலாகா இன்ஸ்பெக்டர் ஒரு சேவகனோடு உள்ளே வந்தார். வெயிலில் வந்து நா வறண்ட முகம். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே தொட்டிக்குப் போய், பேனாக்கத்தியால் விளிம்பைச் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். "லைசென்ஸ் இருக்கா?"

தலைவர் வக்கீல் அல்லவா, அவருக்கு இன்னும் சுவாரஸ்யம் ஏறிவிட்டது. மாமனார் பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"மாப்பிள்ளை, கெணத்துத் தண்ணீன்னு சொல்லிப்போடுங்க. கேசு, கோர்ட்டுன்னு அலைய வேண்டாமுங்க. சொல்லிப்போடுங்க சாமி."

நான் ஒரு கணம் யோசித்தேன். கிணற்றுத் தண்ணீர் என்றால் குவார்ட்டர்ஸ் போயிற்று. கடல் தண்ணீர் என்றால் ஜெயில் வரலாம். ஆனால் ஜெயிலுக்குப் போனாலும் சயன்ஸ் மாஸ்டராகப் போகலாமே! நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இது வங்காள விரிகுடா, சார்! கலப்படமில்லாத வங்காள விரிகுடா! சந்தேகமிருந்தால் நீங்களே ருசி பாருங்கள்!"

சொன்னதோடு நிற்காமல், நானே ஒரு டம்ளரில் மொண்டு இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தேன்.

அவர் பயந்து பயந்து உதட்டை நனைத்தார். புருவம் உயர்ந்தது. ஒரு வாய் குடித்தார். பிறகு, அண்ணாந்து, மிச்சமில்லாமல் குடித்து முடித்தார்.

"லேசா மீன் வாடை. மத்தபடி நல்ல தண்ணி" என்றார்.

"இருக்க முடியாது! விளிம்பு உப்பை நக்கிவிட்டுக் குடித்ததால் உங்கள் நாக்கு ஏமாறுகிறது" என்றேன். (அந்த வயதில் எனக்கு எதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.)

தலைவர் டம்ளரை வாங்கி, தாமே மொண்டு குடித்துப் பார்த்தார். "நல்ல தண்ணிதான். சேலத்தில எங்க வீட்டுக் கிணறு கூட இப்படி இல்லை" என்றார். கடைசியில் நான் குடித்தேன். நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. தினமும் சாப்பாட்டோடு நான் குடிக்கிற எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்.

தலைவர் சாவகாசமாகத் திரும்பினார். "நல்ல தண்ணியில விட்டா ஒரு நாழிகையில செத்துப்போகும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

கொடுவா அந்த நேரத்தில் ஒரு கெண்டையை விழுங்கிவிட்டு, 'ஒரே விலை'க்குக் கீழே வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு ஆரோக்கியமான மீனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"அப்போ ரெண்டுல ஒண்ணு. இது கடல் மீன் இல்லை. இல்லாட்டி நீங்க படிச்சது மீன் இல்லை" என்றார் தலைவர்.

"நம்ம ஏரி மீனைப் புடிச்சு உட்டுப்போட்டுக் கடல் மீனுன்னு சொல்லிப்போட்டாருங்க!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. சிரிப்பு ஆரம்பித்தது. கையில் இருந்த பிரம்பை எங்கே ஒளிப்பது என்று கூடத் தெரியவில்லை. மோசடிக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு இனி இந்த ஊரில் எப்படி இலை போட்டு உட்காருவேன் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பின்கதவோரத்திலிருந்து நல்லம்மாள் முன்னால் வந்தாள். அத்தனை ஆண்கள் கூடிய இடத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"கடல் மீனுதானுங்க. தண்ணி ஊத்துனது நானுங்க" என்றாள்.

கொட்டகை திரும்பி அவளைப் பார்த்தது.

"அமாவாசைக்கு வந்தவங்க ஒரு சொம்பு கேட்டாங்க. வாயத் தொறந்து கேட்டவங்களுக்குத் தண்ணி இல்லீன்னு எப்புடிங்க சொல்றது? மோந்து குடுத்தா தொட்டியில கொறையுது. கொறைஞ்சா இவரு சத்தம் போடுவாரு. அதனால ஒரு சொம்பு எடுத்தா இவரு போட்ட கோடு வரைக்கும் ஊத்தி வெச்சனுங்க. தெனமும் வந்தாங்க, தெனமும் ஊத்துனனுங்க."

ஆவியாகாத கடலின் ரகசியம் அதுதான். லண்டன் தப்பியது.

தலைவர் கேட்டார்: "ஊத்தினதுதான் ஊத்தினீங்க, உப்புக் கிணத்துத் தண்ணியை ஊத்தியிருக்கக் கூடாதாம்மா? வீட்டிலேயே இருக்கே?"

நல்லம்மாள் அவரை, வளர்ப்பு சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வந்த ஒரம்பரைக்கு உப்புத் தண்ணி ஊத்தறதுங்களா? எங்கூட்டுல அந்தப் பழக்கமில்லீங்க."

ஜனங்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஜலகண்டாபுரத்துக்காரர் "அதுதானுங்களே!" என்றார். மாமனாரின் கை துண்டுக்குப் போயிற்று. ஆனால் முகத்தைத் துடைக்கவில்லை. துண்டை உதறித் தோளில் நேராகப் போட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கேஸ் இல்லை என்று சொல்லிவிட்டார். கடலே இல்லாத இடத்தில் எந்தச் சட்டத்தைக் காட்டுவார்? விளிம்பை மட்டும் கழுவிவிடச் சொல்லி, இன்னொரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். இந்தத் தடவை குடத்துத் தண்ணீர்.

தலைவர் காரில் ஏறும்போது என் தோளைத் தட்டினார். "மீன் பிரமாதம். அந்தம்மாவும் பிரமாதம். ஆனா பாடம் நடத்தறவர் தொட்டியில ஒரு தடவையாவது விரலை விட்டுப் பார்த்திருக்கணும், மிஸ்டர்" என்றார். வேலை ரசாயனம் படித்த வேறொருவருக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் நான் நல்லம்மாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

"என் குவார்ட்டர்ஸை ஒரு சொம்புத் தண்ணியில கரைச்சுட்டியே" என்றேன்.

"ஒரு சொம்பில்லீங்க. நெறைய சொம்பு" என்றாள். இரண்டாம் முறை சோற்றைப் போட்டுவிட்டு, "அந்த ஊட்டுல நல்ல தண்ணிக் கெணறு இருக்குதான்னு கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லைதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்க வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டதால் அந்த விவாதத்தில் நான் தோற்றதாகவே இன்றுவரை கணக்கு.

சில வருஷம் கழித்து ரயிலில் மீன் ஆராய்ச்சிக்காரர் ஒருவரைச் சந்தித்தபோது கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொடுவா கழிமுகத்தில் நுழைந்து ஆற்றுக்கே ஏறி வருகிற ஜாதி, பழக்கினால் நல்ல தண்ணீரிலும் வாழும் என்றார். "ஆனா திடீர்னு மாத்தினா செத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமா, பல நாள் எடுத்து மாத்தணும். யார் செஞ்சது? ரொம்பப் பொறுமைசாலி போலிருக்கே!" என்றார். என் சம்சாரம் என்றேன். அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

கொடுவாவைத் தோட்டத்துக் கிணற்றில் விட்டுவிட்டோம். தவளையும் தண்ணீர்ப் பாம்பும் தின்று கொழுத்து வருஷக்கணக்கில் இருந்தது. ஊருக்கு யார் வந்தாலும் மாமனார் அழைத்துப் போய்க் காட்டுவார். "கடல் மீனுங்க. எங்க நல்லம்மா நல்ல தண்ணி ஊத்தி வளத்தது" என்பார். ஒரு பெருமழை வருஷத்தில் கிணறு வழிந்து ஓடியபோது காணாமல் போயிற்று. திருமணிமுத்தாற்றில் இறங்கிக் காவேரி வழியாக ஊர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நல்லம்மாள் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை. மீன் விஷயத்தில் நான் அபிப்பிராயம் சொல்வதை நிறுத்தி வெகு காலமாயிற்று.

எனக்கு ஆறும் இல்லை, கடலும் இல்லை. மாமனாரின் பருத்தி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் நிலைத்துவிட்டேன். ஊரில் என் பெயர் 'கடல் மாப்பிள்ளை'. வீட்டுக்கு யார் வந்தாலும் சொம்பைக் கொடுத்துவிட்டு, "உப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டுச் சிரிப்பது எங்கள் குடும்பத்துச் சம்பிரதாயம். காரணம் தெரியாத புது உறவுக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். யாராவது ஒருவர் உடனே முதலிலிருந்து கதையை ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம் எனக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பில்லாமல் எனக்கு ஒரு வாய் இறங்காது, அதற்குப் பதில் செத்தே போகலாம் என்று வீடு அதிரச் சத்தம் போட்டேன்.

"செரிங்க" என்றாள் நல்லம்மாள்.

(அந்தச் சொல்லிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.)

மாதங்கள் போயின. சாம்பார் வழக்கம் போல ருசியாகவே இருந்தது. கொதிப்பு மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. சில உடம்புகளுக்கு உப்பு ஒன்றும் செய்யாது என்று டாக்டருக்கே ஒரு விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன். தீபாவளிக்குப் பேத்தியும் அவள் புருஷனும் வந்தார்கள். அந்தப் பையன் தவறுதலாக என் சாம்பார்க் கிண்ணத்தை எடுத்து ஊற்றிக்கொண்டான். ஒரு வாய் வைத்தவன் முகம் கோணியது.

"தாத்தா, இதுல உப்பே இல்லீங்களே!"

நான் வாங்கி ருசி பார்த்தேன். "இருக்கிறதே! அளவாக இருக்கிறதே!" என்றேன். பந்தியில் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். பக்கத்தில் கரண்டியோடு நல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"நாந்தானுங்க. டாக்டரு சொன்ன நாள்ல இருந்து தெனமும் ஒரு சிட்டிகை கொறைச்சனுங்க. அந்தக் கொடுவாவுக்குப் பண்ணுன மாதிரிதான்."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்று கத்தினேன்.

"அதையுந்தான் கேக்கலீங்க. அது இப்புடிக் கத்துச்சுங்களா?" என்று சொல்லி, என் சோற்றின் மேல் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள்.